வடக்குச் சுவரில் வெயில்

பழைய கட்டடங்களுக்கு வைத்தியம் பார்க்கிற தொழிலில் ஒரு பெரிய வசதி, நோயாளி வாய் திறந்து உங்கட மருந்து பிழை என்று சொல்லாது. பேசாமல் நிற்கும். ஒருநாள் விழும். அதற்குள் நாங்கள் ரிப்போட்டை அனுப்பிவிட்டு அடுத்த கட்டடத்துக்குப் போயிருப்போம்.

என்னைப்போல நாள் முழுக்கத் திரையைப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டு, நேரில் காணாத ஒன்றைப்பற்றி நம்பிக்கையோடு எழுதிச் சம்பளம் வாங்குகிற சகபாடிகளே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இது விளங்காது. விளங்கினால் காறித் துப்புவார்கள்.

காணாத கோயில்

எங்கள் கந்தோர் ஓக்லாந்தின் எல்லர்ஸ்லியில், இரண்டாம் மாடியில். வேலை கலிபோர்னியாவில். அங்கே ஸ்பெயின்காரர் ஆண்ட காலத்தில் பாதிரிமாரும் சிப்பாய்களும் வந்து, ஊர்ச் சனத்தை வைத்து மண்ணால் கட்டுவித்த மிஷன் தேவாலயங்கள் இருக்கின்றன. இருநூறு வருசத்துக்கு மேற்பட்டவை. இப்போது அவற்றை நடத்துகிறவர்கள் ட்ரோன் விட்டுப் படம் எடுத்து அனுப்புவார்கள். நாங்கள் வெடிப்பு எங்கே, ஈரம் எங்கே, எது முதலில் விழும் என்று குறித்து அனுப்புவோம். நியூசிலாந்து நிலம் நடுங்குகிற நாடு என்பதால், இங்கே இருக்கிறவர்கள் வெடிப்புப் பார்ப்பதில் விண்ணர்கள் என்று வெளியில் ஒரு பெயர். அந்தப் பெயரில்தான் எங்கள் அடுப்பு எரிகிறது.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், எப்போது நேரில் போய்ப் பார்ப்போம் என்று மேலாளர் கிரெக்கிடம் கேட்டேன். நல்ல பகிடி கேட்ட மாதிரிச் சிரித்தார். எட்டு வருசமாகிறது. ஒரு தேவாலயத்தின் வாசற்படியைக்கூட நான் மிதித்ததில்லை.

இதை ஒருமுறை எங்கள் கோயில் மண்டபத்தில், சாப்பாட்டு வரிசையில் நின்றபோது பரமேஸ் அக்காவிடம் விளங்கப்படுத்தப் போனேன். ஹில்ஸ்பரோவில் எங்களுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிறவ. கேட்டு முடித்துவிட்டு, கையில் பிளேட்டோடு என்னை மேலும் கீழும் பார்த்தா. "அமெரிக்காவில இருக்கிற கோயில் சுவர் உனக்கு இஞ்சை இருந்து தெரியுது. எங்கட கோயில் கூரை ஒழுகுறது மட்டும் தலைக்கு மேல நிண்டும் தெரியேல்லை, என்ன?"

கலியாணப் படம்

சுடாத மண்கல் மூச்சு விடவேணும். உள்ளே போன ஈரம் வெளியே வரவேணும். அதற்குத்தான் பழைய ஆட்கள் சுண்ணாம்பு பூசினார்கள். பிறகு வந்த நல்ல மனசுக்காரர் பலர், பாவம் இடிந்து போகுதே என்று சீமெந்தை அப்பிவிட்டார்கள். சீமெந்துக்குள் ஈரம் அடைபட்டு, சுவர் அடியில் இருந்து கரையும். வெளியில் பார்த்தால் கல்லுப் போல இருக்கும். நாங்கள் எழுதுகிற ரிப்போட்டில் பாதி, அந்தச் சீமெந்தைக் கழற்றுங்கள் என்று கெஞ்சுகிறதுதான்.

நான் சொல்லப்போகிற தேவாலயம் சின்னது. ஒரு காய்ந்த ஊரின் ஓரத்தில் நிற்கிறது. மணி தொங்குகிற முகப்பு தெற்குப் பார்த்தது. பின்சுவர் வடக்கில். நடத்துவது ஒரு கமிட்டி. கோயில் கமிட்டி என்பது உலகம் முழுக்க ஒரே அச்சில் வார்த்தது என்று நான் அப்போதுதான் அறிந்தேன். பூசை குறைவு, கலியாணம் கூட. வசந்தகாலம் முழுக்கக் கலியாணத்துக்குப் பதிவு செய்திருந்தார்கள். முகப்பில் இருந்த சீமெந்தைக் கழற்ற ஆறு மாதமாவது செல்லும் என்று நான் வீடியோவில் விளக்கினேன். கமிட்டித் தலைவர், வெள்ளைத் தொப்பிக்காரர், மிகப் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் சொன்னார்: "நல்லது. ஆனால் எங்களுக்குச் சுவர் நின்றால் மட்டும் போதாது, கலியாணப் படத்தில் வெள்ளையாக விழவும் வேணும்."

சப்பாத்து வைத்த படம்

அந்தத் தேவாலயத்துக்கு ஒரு காவல்காரி இருந்தார். டொலோரஸ் என்று பெயர், அறுபது தாண்டினவர். கமிட்டி அவரை வைத்திருந்தது கதவு திறக்க, கூட்ட, குழாய் பூட்ட. அவரோ எனக்குப் படம் அனுப்பத் தொடங்கினார். ட்ரோன் படம் ஆகாயத்தில் இருந்து பார்க்கும். இவர் குந்தியிருந்து தொலைபேசியில் எடுப்பார். வெடிப்புக்குப் பக்கத்தில், அளவு தெரியட்டும் என்று தன் சப்பாத்தை வைப்பார். ஒரே மண்ணிறச் சப்பாத்து. அதன் நாடா அறுந்து முடிச்சுப் போட்டதுகூட எனக்குப் பழக்கம். ட்ரோனில் தெரியாத எவ்வளவோ அந்தச் சப்பாத்துப் படங்களில் தெரிந்தன.

ஒருநாள் வடக்குச் சுவரைப்பற்றிக் கேட்டார். அந்தச் சுவருக்கும் வேலிக்கும் நடுவில் ஒரு துண்டு நிலம். அதில்தான் அவருடைய ஆட்கள் கிடக்கிறார்கள். மண் மிதித்து, கல் அறுத்து, அந்தத் தேவாலயத்தைக் கட்டின சனம். கட்டச் சொன்ன பாதிரியாருக்கு முன்பக்கம் சலவைக்கல் இருக்கிறது. கட்டினவர்களுக்குப் பின்பக்கம் புல் இருக்கிறது. எத்தனை பேர், எந்தத் திசையில் தலை, ஒன்றும் தெரியாது. சுவர் நிற்குமா என்று மட்டும் கேட்டார்.

இலங்கையில், சண்டைக் காலத்தில், எரிக்க வழியில்லாமல் என் தமையனை ஒரு பனங்காணியில் புதைத்தோம். பிறகு அந்த இடத்தை மெஷின் விட்டுச் சமப்படுத்திப் போட்டார்கள். போய்ப் பார்த்தபோது எங்கே நின்று அழுகிறது என்றுகூட எங்களுக்குத் தெரியவில்லை. அதனால் அவர் அடுத்து எழுதினது எனக்கு இரண்டு தரம் வாசிக்காமலே விளங்கியது. "தேவாலயத்தில் எனக்குப் பெரிய பிரியம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தச் சுவர் விழுந்தால் அள்ளுவதற்கு மெஷின் வரும், மெஷினுக்கு எலும்பும் மண்ணும் ஒன்றுதான்."

குபேர திசை

ஆபத்து அதிகம், நடுத்தரம், குறைவு என்று ஒவ்வொரு சுவருக்கும் ஒரு தரம் போடவேணும். அதிகம் என்றால் இந்த வருசமே வேலை நடக்கும். குறைவு என்றால் மூன்று வருசத்துக்கு ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். டொலோரசின் கேள்விக்கு விடை அந்த ஒரு சொல்லில் இருந்தது. அதைப் போடுகிற கை என்னுடையது.

படங்களைச் சேர்த்து ஈரத்துக்கு நிறம் கொடுக்கிறது கார்த்திக்கின் வேலை. கோயம்புத்தூர்ப் பொடியன், முப்பது வயது, பாட்டனி டவுன்ஸில் புதிதாக வீடு வாங்கியிருந்தான். நாங்கள் பாவிக்கிற படிவம் கிரெக் முன்பு ஓக்லாந்துக் கட்டடங்களுக்காகச் செய்தது. அதில் ஒவ்வொரு திசைக்கும் ஒரு வரி முன்கூட்டியே நிரப்பியிருக்கும். வடக்கு: வெயில் படும், காயும். தெற்கு: நிழல், ஈரம் நிற்கும். ஓக்லாந்தில் இருக்கிற ஒருத்தருக்கும் அதில் சந்தேகம் வராது. வீடு பார்க்கப் போனால் முதல் கேள்வியே வடக்குப் பார்த்ததா என்பதுதான். கார்த்திக்கின் அம்மாவுக்கு வடக்கு குபேர திசை, வீட்டு ஏஜெண்டுக்கு வடக்கு வெயில். இரண்டு பேரும் ஒரே திசையைக் காட்டினதில் அவன் அன்றைக்கே கையெழுத்துப் போட்டான்.

நானும் அப்படித்தான். ஊரில் வெயில் தலைக்கு மேல் நின்று கொல்லும். எந்தச் சுவருக்கு என்று ஒருத்தரும் கேட்கிறதில்லை. வெயிலுக்கென்று ஒரு பக்கம் உண்டு என்று நான் படித்ததே இங்கே குளிரில் நடுங்கித்தான். படித்ததை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

கார்த்திக் கேட்டான், அதை மறைக்கக் கூடாது. வடக்குச் சுவரின் அடியில் பச்சையாக ஏதோ தெரிகிறது, பாசி மாதிரி, என்றான். டொலோரசின் படத்திலும் அது இருந்தது, சப்பாத்துக்குப் பக்கத்தில். வடக்குத்தானே, பழைய கறையாக இருக்கும், காய்ந்துவிடும் என்றேன். வடக்குச் சுவருக்குக் "குறைவு". தெற்கு முகப்புக்கு "அதிகம்". முகப்பு வேலைதான் முதலில் என்றதும் கமிட்டிக்குச் சந்தோசம், கிரெக்குக்குச் சந்தோசம். சுவர் நிற்கும் என்று டொலோரசுக்கு நானே எழுதினேன். கார்த்திக் படத்தில் பாசியை அழித்து நிறத்தை மாற்றினான். "நீங்க சொன்னா சரிதான்க்கா, வெயில் படுற சுவரு எங்க ஓடிடப் போகுது."

எந்தச் சூரியன்

அங்கே மழை பெய்கிறது மாரியில், அதாவது குளிர்காலத்தில். அவர்களுடைய மாரி எங்களுடைய கோடை. டிசம்பரில் நத்தாருக்குக் கந்தோரைப் பூட்டினால் ஜனவரி நடுவில்தான் திறப்போம். ஓக்லாந்து முழுக்கக் கடற்கரையில் கிடக்கிற காலம் அது. நானும் கிடந்தேன். மடல் போடுகிறவர்களுக்கு, நாங்கள் கோடை விடுமுறையில் இருக்கிறோம், சந்தோசமாக வெயில் காயுங்கள் என்று கந்தோர்க் கணினி தானாகவே பதில் போட்டுக்கொண்டிருந்தது.

திரும்பி வந்து மின்மடல் பெட்டியைத் திறந்தேன். டொலோரசிடம் இருந்து மூன்று மடல்கள். முதலாவதில் வடக்குச் சுவரடியில் தண்ணீர் நிற்கிறது, சப்பாத்துப் பாதி நனைந்திருக்கிறது. இரண்டாவதில் சுவரின் அடி வயிறு தள்ளினது போல ஊதியிருக்கிறது. மூன்றாவது படத்தில் சப்பாத்து இல்லை. சுவரும் இல்லை. தேவாலயத்தின் பின்புறம் வாய் பிளந்து நிற்க, புல் நிலம் முழுக்க ஈரமண் குவிந்து கிடந்தது. மூன்று மடலுக்கும், வெயில் காயுங்கள் என்று மூன்று பதில் போயிருந்தது.

படத்துக்குக் கீழே அவர் எழுதியிருந்ததை வாசித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பூமத்திய ரேகைக்கு மேலே இருக்கிற நாட்டில் சூரியன் தெற்கால் போகும், வடக்குச் சுவர் மாரி முழுக்க நிழலில் ஊறும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். ரெக்னிக்கல் கொலேஜ் முடித்த எனக்கும், இஞ்சினியர் கார்த்திக்குக்கும், படிவம் செய்த கிரெக்குக்கும் தெரியாமல் போனது. கார்த்திக்கைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் கதிரையை இழுத்து என் பக்கத்தில் இருந்தான். திரையில் அந்த வரி இருந்தது. "அறுபத்து மூன்று வருசமாக இந்த ஊரில் இருக்கிறேன், மாரியில் இந்தச் சுவரில் ஒருநாளும் வெயில் பட்டதில்லை, நீங்கள் எந்த ஊர்ச் சூரியனைப் பார்த்து எழுதினீர்கள்?"

எட்டு மணிக் கூட்டம்

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு வீடியோக் கூட்டம். அங்கே வியாழன் முற்பகல். அதற்கு முதல் கிரெக் என்னைத் தனியே கூப்பிட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லது. எதிர்பாராத மழை என்றே எல்லோரும் கதைப்போம், படிவத்தைப்பற்றி ஒருத்தரும் வாய் திறக்கத் தேவையில்லை, அதே படிவத்தில் இன்னும் பத்துத் தேவாலயம் இருக்கிறது என்றார். அந்தப் பத்தையும் கார்த்திக் ஏற்கெனவே சத்தமில்லாமல் திருத்திக்கொண்டிருந்தான்.

கமிட்டித் தலைவருக்கு அவசரம். திங்கட்கிழமை மெஷின் வருகிறது, மண்ணை அள்ளிச் சமப்படுத்தி, கலியாணக் காலத்துக்கு முன் ஒரு தகரமாவது அடைக்கவேணும் என்றார். மெஷின் விடுவதில் ஏதும் பிரச்சினை உண்டா என்று கேட்டார். வடக்குச் சுவர் சுகந்தியின் பொறுப்பு, அவர் சொல்லுவார் என்று கிரெக் என் பக்கம் திருப்பிவிட்டார். திரையின் மூலையில், சின்னப் பெட்டிக்குள் டொலோரஸ் இருந்தார். அதுவரை சப்பாத்தை மட்டும் கண்ட மனுசியின் முகத்தை அன்றைக்குத்தான் கண்டேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சகபாடிகளே, நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். மோர்ட்கேஜ் கட்டுகிற ஆட்கள் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்லுவோம். எங்கள் ரிப்போட்டில் அதற்குத் தடை ஒன்றும் இல்லை என்றேன். அது பொய்கூட இல்லை. தடை என்று எழுதவேண்டிய இடத்தில் "குறைவு" என்று எழுதினவள் நான்தானே. தலைவர் நன்றி சொன்னார். டொலோரஸ் முன்னால் குனிந்து, கமராவை நிற்பாட்ட விரலைக் கொண்டுபோனார். "சரி. இனி நான் படம் அனுப்ப மாட்டேன்."

கம்பனித் தாள்

சனிக்கிழமை உடுப்புக் காயப்போட்டேன். ஹில்ஸ்பரோ வீட்டில் கொடி வடக்குப் பக்கம். அந்தப் பக்கத்துக்காகவே நானும் மனுசனும் ஆறு மாதம் சண்டை பிடித்து வாங்கின வீடு. தோளில் வெயில் சுள்ளென்று பட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது. ஈரத் துவாயைப் பிடித்தபடி நின்று அழுதேன். தமையனின் காணியைச் சமப்படுத்தின மெஷினுக்கும் யாரோ ஒருத்தர் எங்கோ ஒரு கந்தோரில் இருந்து, தடை ஒன்றும் இல்லை என்று சொல்லியிருப்பார். அந்த ஆளை நான் இருபது வருசமாகச் சபிக்கிறேன். அவருக்கும் வீட்டுக் கடன் இருந்திருக்கும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

பதினாறு வயது மகளிடம் சொன்னேன். அவள் தொலைபேசியில் இருந்து தலை தூக்காமல், அப்ப ஸொரி என்று எழுத வேண்டியதுதானே என்றாள், இங்கிலீஷில். அவ்வளவு லேசு.

திங்கள் காலை ஏழு மணிக்கே கந்தோருக்குப் போனேன். எங்கள் திங்கள் அங்கே ஞாயிறு, ஒரு நாள் கையில் இருந்தது. கம்பனித் தாளில் எழுதினேன். உங்கள் நாட்டில் வடக்குச் சுவருக்கு மாரியில் வெயில் இல்லை. நாங்கள் எங்கள் நாட்டுச் சூரியனை வைத்துத் தரம் போட்டோம். பிழை எங்களுடையது. சுவரடியில் கல்லறைகள் உண்டு, மெஷின் விடக்கூடாது, அங்கே கிடக்கிறவர்களின் சனத்தை வைத்துக் கையால் அள்ளவேணும். பெயர் போட்டுக் கையெழுத்து வைத்து, கமிட்டிக்கும் டொலோரசுக்கும் ஒன்றாக அனுப்பினேன். கார்த்திக் தன் பெயரையும் போடச் சொன்னான். விசர் வேலை பார்க்காதே, உனக்கு இன்னும் நிரந்தர விசா அலுவல் இருக்கு என்று பேசி அனுப்பினேன்.

கிரெக் ஒன்பது மணிக்கு வந்து வாசித்தார். ஒரு தரம் வாசித்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி வாசித்தார். "நீ எழுதினது முழுக்க உண்மை, அதை ஏன் எங்கள் கம்பனித் தாளில் எழுதினாய்?"

பாதி

என்னைக் கலிபோர்னியா வேலையில் இருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது ஓக்லாந்து வீடுகளின் சுவர் பார்க்கிறேன். படிவம் சரியாகப் பொருந்துகிறது. வடக்கில் வெயில், தெற்கில் பூஞ்சணம். கார்த்திக் இப்போது எந்தப் படம் வந்தாலும் முதலில் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்றுதான் பார்க்கிறான். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில்கூட என்னிடம் அதைப்பற்றிக் கதைக்கிறதில்லை.

அங்கே நடந்தது இதுதான். என் கடிதத்தை அச்செடுத்துக்கொண்டு டொலோரஸ் மெஷினுக்கு முன்னால் போய் நின்றாராம். ஓட்டுநர் அதை இறங்கி வாசித்துவிட்டு, மெஷினை நிற்பாட்டிவிட்டுப் போய்விட்டார். நாலு நாள் டொலோரசின் சனம் வாளியும் கையுமாக வந்து மண்ணை அள்ளி அரித்தது. ஐந்தாம் நாள் கமிட்டி வேறொரு ஆளிடம் வேறொரு கடிதம் எடுத்துக்கொண்டு வந்தது. அதில் தடை ஒன்றும் இல்லை.

மாசி முடிவில் ஒரு மடல் வந்தது, படம் இல்லை. பாதியைக் கையால் அள்ளினோம், மற்றப் பாதியை மெஷின் அள்ளியது, எங்கள் ஆட்கள் எந்தப் பாதியில் கிடந்தார்கள் என்று இனி ஒருத்தருக்கும் தெரியாது என்று எழுதியிருந்தார். முகப்பு நல்ல வெள்ளையாக இருக்கிறதாம், முதல் கலியாணமும் முடிந்துவிட்டதாம். அதற்குக் கீழே, தனியாக இரண்டு வரி. "இருநூறு வருசத்தில், பிழை எங்களுடையது என்று எங்களுக்கு எழுதித் தந்த முதல் ஆள் நீங்கள்தான். அதற்காக நான் நன்றி சொல்லப் போவதில்லை."

நோயாளி வாய் திறக்காது என்று தொடக்கத்தில் பெரிய கெட்டிக்காரி மாதிரிச் சொன்னேனே, அந்த நோயாளிக்காக ஒரு மனுசி சப்பாத்தைக் கழற்றி வைத்து வைத்துச் சொன்னதை, நான் அளவு பார்க்க மட்டும் பாவித்தேன்.